அட்சரேகை பதின்மூன்றில் ஒரு வரவேற்பு

"ஏப்ரல்ல மழையா? காமெடி பண்ணாதீங்க சம்பந்தி."

ஜெயசீலி அம்மாள் இப்படிச் சொன்னபோது அவர் கையிலிருந்த பிளம் கேக் வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றது. ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு முன்னறை. வாசலில் தொங்கவிட்ட காகித நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை என்பது நினைவிருக்கிறது. ஆகவே ஜனவரியின் முதல் சில நாட்களாகத்தான் இருக்க வேண்டும்.

சரியான தேதி என்னிடம் இருக்கிறது. எழுத மாட்டேன். எந்த வருடம், எந்தத் தேதி என்று போடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் என் மகள் ஷரோன் இந்த அத்தியாயத்துக்கு அனுமதி கொடுத்தாள். தேதி இல்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் ரோட்டில் நடப்பதுபோல் இருக்கிறது. ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று.

ஜெயசீலி அம்மாள் மாப்பிள்ளையின் தாயார். சென்னை வேப்பேரிக்காரர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கூட வந்திருந்தவர் அவருடைய தங்கை லில்லி. நர்ஸ் வேலைக்காக மங்களூர் போய், அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர். இருவரும் கல்யாண நாள் குறிக்க வந்திருந்தார்கள். தேதியை ஐந்து நிமிடத்தில் குறித்துவிட்டோம்: ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. தகராறு இடத்தைப் பற்றி.

எங்கள் சர்ச் வளாகத்தில் தகரக் கூரை போட்ட ஹால் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்திலேயே பெரிய புல்வெளி. மாலை ஆராதனை முடிந்ததும் வரவேற்பு ஹாலிலா, புல்வெளியிலா?

அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஷரோன் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். "கார்ட், மெனு, கேக், புடவை, எல்லாத்தையும் நீங்களே டிசைட் பண்ணிக்கோங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ரிசப்ஷன் லான்ல. அந்த ஹால்ல நான் எத்தனை கல்யாணத்துக்கு உட்கார்ந்து வெந்திருக்கேன்னு உங்களுக்கே தெரியும்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். அது ஒன்றைத்தான் நான் மறுத்தேன்.

ஏன் எல்லோருக்கும் ஏப்ரல்?

வேறு மாதம் பார்த்திருக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். எங்கள் சபையில் லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது சொச்சம் நாள் மேளமும் இல்லை, மாலையும் இல்லை. ஆகவே ஜனவரியில் நிச்சயமாகும் ஜோடிகள் எல்லாம் ஈஸ்டர் எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள். முடிந்த மறுவாரத்தில் ஆயருக்குச் சாப்பிட நேரமிருக்காது. கல்யாண அறிவிப்பான விவாக ஓலையை வாசிக்கும்போதே சபை தூங்கிவிடும், அவ்வளவு பெயர்கள்.

இந்த ஏற்பாடு எந்தக் குளிர் நாட்டில் வேரூன்றியதோ, அங்கே ஈஸ்டர் என்றால் பனி உருகி, தளிர் விட்டு, வெயில் இதமாக எட்டிப் பார்க்கும் பருவம். கல்யாணத்துக்கு அதைவிடச் சிறந்த வாரம் ஏது? அதை அப்படியே கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து பெங்களூரில் இறக்கிவிட்டார்கள். இங்கே அது வருடத்திலேயே உச்சமான வெயிலும், சொல்லிக்கொள்ளாமல் வரும் இடிமழையும் சேர்ந்த வாரம். வழிபாட்டு ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் வானிலையையும் கூடக் கொண்டுவந்திருக்கலாம். அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

இதை நான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். சபைக் கமிட்டியில் ஒருமுறை சொன்னேன். "நல்ல பாயிண்ட் சார்" என்று குறித்துக்கொண்டு, அடுத்தது ஒலிபெருக்கி பழுது என்று போய்விட்டார்கள்.

மொட்டைமாடியில் ஒரு புட்டி

என் தகுதி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன் என்று முன் அத்தியாயங்களில் எழுதியிருக்கிறேன். கருவி சொல்வது சரிதானா என்று சோதிக்கும் பிரிவு. வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. மொட்டைமாடியில் ஒரு புனல், அதன் கீழ் ஒரு புட்டி, பக்கத்தில் அளவுக் கண்ணாடிக் குழாய். முப்பது வருடத்துக்கு மேலாகத் தினமும் காலை எட்டரைக்கு முந்திய நாளின் மழையை அளந்து எழுதிவருகிறேன். ஷரோன் பிறந்த அன்றுகூட அளந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை என் மனைவி கிரேஸ் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

முப்பது வருடத்தில் அந்த நோட்டுகளைப் பார்த்து யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இது முக்கியம். பின்னால் நான் செய்த காரியத்துக்கு இது ஒரு காரணம்.

மூன்று ஊர், ஒரு கோடு

முன்னறைக்குத் திரும்புகிறேன்.

"எங்களுக்கெல்லாம் மழைன்னா தீபாவளிதான்" என்றார் ஜெயசீலி அம்மாள். "தெருவுல பட்டாசு நமுத்துப்போச்சுன்னா மழைக்காலம் வந்துடுச்சுன்னு அர்த்தம். ஏப்ரல்ல தார் ரோடு உருகும். மழையாம், மழை!"

"எங்க ஊர்ல ஜூன்தான்" என்றார் லில்லி. "ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு ஆரம்பிக்கும். குழந்தைங்க யூனிஃபார்ம் செப்டம்பர் வரைக்கும் காயாது. அதுக்கு முன்னாடி வானத்துக்கும் சம்மர் லீவு."

"ரெண்டு பேரும் சொல்றது சரி" என்றேன். "உங்க உங்க ஊருக்கு."

"அப்ப உங்க ஊருக்கு?"

"எங்களுக்கு ஜூன்லயும் வரும், அக்டோபர்லயும் வரும். நடுவுல ஏப்ரல், மேலயும் வரும்."

"பேராசை பிடிச்ச ஊரா இருக்கே" என்றார் ஜெயசீலி அம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. அலமாரியிலிருந்து அட்லஸை எடுத்துவந்தேன். டீப்பாய் மேல் இருந்த தட்டுகளை ஒதுக்கி, தென்னிந்தியப் பக்கத்தைத் திறந்து, ஒரு ஸ்கேலைக் குறுக்காக வைத்தேன். ஸ்கேலின் விளிம்பில் இடதுபக்கம் மங்களூர், நடுவில் பெங்களூர், வலதுபக்கம் சென்னை. மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. பதின்மூன்றாம் பாகை.

"ஒரே கோடு. சூரியன் மூணு ஊருக்கும் ஒரே மாதிரிதான் அடிக்குது. ஆனா மூணுக்கும் மூணு க்ளைமேட். ஏன்?"

நானே சொன்னேன். ஜூனில் காற்று மேற்கிலிருந்து, கடலின் ஈரத்தையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. மங்களூருக்குப் பின்னால் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது, குளிரக் குளிர ஈரத்தைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது மூட்டையில் மிச்சம்தான் இருக்கும். சென்னைக்குப் போகும்போது அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. அப்போது வங்கக்கடல் சென்னைக்குக் கொடுக்கிறது, எங்களுக்கும் கொஞ்சம் நீட்டுகிறது.

"ஏப்ரலுக்கு வாங்க" என்றார் ஜெயசீலி அம்மாள், வகுப்பில் பையனை விரட்டுவதுபோல்.

"ஏப்ரல்ல நிலம் அடுப்பு மாதிரி காயுது. ரெண்டு கடல்லேர்ந்தும் ஈரக்காத்து உள்ள வருது. நாங்க இருக்கிறது மூவாயிரம் அடி உயரத்துல, மேட்டுநிலம். மத்தியானம் அந்தச் சூட்டுல காத்து ஜிவ்வுனு மேல ஏறி, மூணு மணிக்கு மேகமாகி, அஞ்சு மணிக்கு இடியா இறங்கும். மாஞ்சாரல்னு பேரு. கேக்க அழகா இருக்கும். ஆலங்கட்டியோட வரும்."

"ஏங்க" என்றாள் கிரேஸ். "சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு ஜியாகரஃபி எதுக்கு? டீ ஆறுது."

எரிச்சலின் வரலாறு

இந்த எரிச்சல் ஒரு நாளில் வந்ததில்லை. ஊர் ஊராக இருக்கும் உறவினர்கள் வருடக்கணக்கில் ஊட்டி வளர்த்தது.

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு குளிர்காலத்திலும் கார் புதைந்த படம் ஒன்று அனுப்பி, "உனக்கென்னப்பா, பெங்களூர் க்ளைமேட்" என்று எழுதுவான். லண்டன் அவன் ஊரைவிட வடக்கே இருக்கிறது, ஆனால் அங்கே இவ்வளவு பனி இல்லை, ஏன் தெரியுமா என்று பதில் எழுதுவேன். வெதுவெதுப்பான கடல்நீரோட்டம் ஒன்று அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவின் காலடிக்குப் போகிறது, மேற்கிலிருந்து வீசும் காற்று அந்தக் கதகதப்பைக் கரைக்குத் தள்ளுகிறது. தம்பியின் கரையோரமாக வருவதோ வடதுருவப் பக்கத்துக் குளிர்நீர். இதையெல்லாம் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும்.

பெங்களூரில் ஃபேனே வேண்டாமாமே என்பவர்கள் இன்னொரு வகை. மதுரையிலிருந்து, திருச்சியிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லியே வாடகைக்கு விடுகிறார்கள். மார்ச் மாதம் வந்ததும் அந்தப் பிள்ளைகள் ஏர்கூலர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறுவதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். உயரம் குளிர்ச்சி கொடுக்கும்தான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகை வெப்பம் குறையும் என்பது தோராயக் கணக்கு. சென்னையிலிருந்து பகல் ரயிலில் வந்தால் ஜோலார்பேட்டை தாண்டி வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது ஜன்னல் கம்பியில் வைத்த கைக்கே அது தெரியும். ஆனால் அந்த ஆறு பாகையை வைத்துக்கொண்டு காங்கிரீட்டையும் கண்ணாடிக் கட்டடங்களையும் எத்தனை நாள் சமாளிப்பது?

கடல் பக்கத்தில் இருந்தால் மழை வரும் என்று நம்புகிறவர்கள் மூன்றாவது வகை. ஏடன் ஏறக்குறைய நம்முடைய இதே கோட்டில், கடலில் கால் நனைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மழையைப் பார்ப்பது அபூர்வம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இதே தொலைவில் இருக்கும் லிமாவும் கடற்கரை ஊர்தான். அந்தக் கடல் குளிர்ந்த கடல். ஆகவே மூடுபனி உண்டு, மழை இல்லை. எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், பக்கத்தில் இருக்கும் கடல் சூடா குளிரா, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, குறுக்கே மலை நிற்கிறதா. இத்தனையும் சேர்ந்து ஒரு ஊரின் பருவத்தை எழுதுகின்றன. ஒரு ஊரில் வாழ்ந்துவிட்டு உலகம் முழுக்க அதே பஞ்சாங்கம் என்று நினைக்கிறவர்களோடு எப்படிச் சம்பந்தம் செய்வது?

இப்படித்தான் அன்று யோசித்தேன். நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான் என்று அப்போது உறைக்கவில்லை. என்னிடம் இருந்ததும் ஒரு மொட்டைமாடியின் மழைதானே.

கணக்கு டீச்சர் கேட்ட கேள்வி

ஜெயசீலி அம்மாள் லேசில் விடுகிறவர் இல்லை. லெந்து நடுவில், புடவை எடுக்க வந்தபோது, என் நோட்டுகளைக் காட்டச் சொன்னார். முப்பது வருடத்தில் கேட்ட முதல் ஆள். எதிரியாக இருந்தாலும் மனம் குளிர்ந்தது.

நான் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். கல்யாணத் தேதிக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள், ஆக ஏழு நாட்கள். ஏறக்குறைய எல்லா வருடங்களிலும் அந்த ஏழு நாளில் எப்போதாவது மழை பெய்திருக்கிறது. விட்டுப்போன வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு கேட்டார்: "வாரத்துல என்னிக்காவது பெஞ்சுது, சரி. கல்யாணம் வாரம் முழுக்கவா நடக்குது? அந்த ஒரு நாளை மட்டும் எடுத்தா எத்தனை?"

"அதை இன்னும் எண்ணலை" என்றேன்.

பொய். முதலில் எண்ணியதே அதைத்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அது எனக்குப் போதாத எண்ணாக இருந்ததால்தான் வாரம் என்று விரித்தேன். கருவி சரியாகக் காட்டாவிட்டால் திருத்தச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், எண் பிடிக்கவில்லை என்று அளவுகோலை மாற்றினேன்.

"எண்ணிட்டுச் சொல்லுங்க" என்று நோட்டை மூடிக் கையில் கொடுத்தார்.

"எஸ் ஆர் நோ"

ஈஸ்டர் முடிந்த திங்களன்று ஷாமியானா போடும் பாஷா வந்தார். மர்பி டவுனில் கடை வைத்திருப்பவர், எங்கள் சபைக் கல்யாணங்கள் எல்லாம் அவர் கையில்தான். மழைக்குத் தாங்கும் பந்தல் போட்டுப் புல்வெளியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கிரேஸ் கேட்டாள்.

"மழைக்குத் தாங்கும்மா. காத்துக்குத் தாங்காது" என்றார் பாஷா. "இந்த ஏப்ரல் காத்து இருக்கே, சைத்தான் காத்து. போன வருசம் என் பந்தல் ஒண்ணு பறந்து பக்கத்து வீட்டு டேங்க் மேல உக்காந்துச்சு. வச்சா தொறந்த லான். இல்லாட்டி ஹால். நடுவுல ஒண்ணும் இல்ல. நாளைக்கு சொல்லிடுங்க சாப், ஸ்டேஜ், லைட்டு, பூ எல்லாம் அதுக்குத் தக்கன போடணும்."

"ஆப்ல நாப்பது பர்சென்ட்னு போட்டிருக்கு" என்றாள் ஷரோன், போனைப் பார்த்தபடி.

"நாப்பது பர்சென்ட்னா, இடுப்பு வரைக்கும் நனையுமா பாப்பா?" என்றார் பாஷா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே இடி இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை புட்டியில் நல்ல அளவு தண்ணீர். நான் குழாயைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷரோன் மாடிக்கு வந்தாள். ஆபீசுக்குக் கிளம்பிய கோலம், தோளில் லேப்டாப் பை.

"டாடி, பாஷா அங்கிளுக்குப் பத்து மணிக்குள்ள போன் பண்ணணும். அத்தை ஒண்ணு சொல்றாங்க, லில்லி ஆன்ட்டி ஒண்ணு சொல்றாங்க, ஆப் ஒண்ணு சொல்லுது. எனக்குப் பேஜாராயிடுச்சு. நீங்கதான் இத்தனை வருஷமா எழுதறீங்க. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். எஸ் ஆர் நோ. சனிக்கிழமை மழை வருமா, வராதா?"

இதற்கு ஒரே நேர்மையான பதில்தான் உண்டு. நோட்டுகள் முப்பது ஏப்ரல்களைப் பற்றிச் சொல்லும். வருகிற சனிக்கிழமையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு வறண்ட நாள். அவ்வளவுதான், மீதி உன் விருப்பம்மா. இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் என் காதில் ஓடியது வேறு. காமெடி பண்ணாதீங்க சம்பந்தி. வானத்துக்கும் சம்மர் லீவு. பேராசை பிடிச்ச ஊர். அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் வந்தது.

"வரும்" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். முகம் கொஞ்சம் தொங்கியது. உடனே சரிசெய்துகொண்டாள்.

"ஓகே டாடி. ஹால்."

படியில் இறங்கும்போதே பாஷாவோடு பேசுவது கேட்டது.

சனிக்கிழமை

புதன்கிழமை ஆலங்கட்டி விழுந்தது. சென்னையிலிருந்து வந்து இறங்கிய ஜெயசீலி அம்மாள் சர்ச் ரோட்டோரம் வெள்ளையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து, "ஜீசஸ்!" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. வியாழக்கிழமையும் பெய்தது. வெள்ளிக்கிழமை லில்லி, "மன்னிச்சுக்கோங்க அண்ணே, நான்தான் தெரியாம பேசிட்டேன்" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

சனிக்கிழமை காலை துடைத்துவைத்த மாதிரி வானம். கவலைப்படவில்லை. மாஞ்சாரல் காலையில் முகம் காட்டாது. இரண்டு மணிக்கு மேகம் திரண்டது. ஆராதனையில் ஆயர் உடன்படிக்கை வாசகங்களைச் சொல்லும்போது தூரத்தில் உறுமியது. பெண்ணைப் பெற்றவன், பெண் மோதிரம் மாற்றும் நேரத்தில், இடி கேட்டு நிம்மதியடைந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வெளியே வந்து பார்த்தால் மேகம் கலைந்துகொண்டிருந்தது. மேற்கே பொன்னிறமாக வெயில். புதன், வியாழன் மழையில் குளித்த புல்வெளி பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. தூங்குமூஞ்சி மரங்களுக்கடியில் காற்று ஏதோ மலைவாசஸ்தலத்துக் காற்றைப்போல் வீசியது. அத்தனை விருந்தாளிகளும் அதைக் கடந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வரிசையாக ஹாலுக்குள் நுழைந்தார்கள்.

மத்தியானம் வரை வெயில் குடித்த தகரக் கூரை. முந்நூறு பேர். பிரியாணி அண்டாக்கள். பத்து நிமிடத்தில் கேக்கின் மேல் மாடியிலிருந்த கிரீம் ஒருபக்கம் சாய்ந்தது. மாப்பிள்ளையின் கோட்டு முதுகில் ஈரம் படம் வரைந்தது.

பிறகு கரண்ட் போயிற்று.

"எலஹங்கா பக்கம் செம மழையாம் சாப். மரம் விழுந்து லைன் போயிடுச்சாம்" என்றார் பாஷா. ஜெனரேட்டர் விளக்குகளை மட்டும்தான் இழுத்தது. ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன.

மழை வந்துவிட்டது. வேறு பேட்டையில். அங்கே பெய்து, இங்கே எங்கள் ஃபேனை நிறுத்தியது. இந்த ஊரின் மழைக்கு முகவரியும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

மேடையில் ஷரோன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். பிறகு மெரூன் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையில் பூங்கொத்தோடு மேடையை விட்டு இறங்கி, முந்நூறு பேர் நடுவில் நடந்து, கதவைத் தாண்டிப் புல்வெளிக்குப் போனாள். மாப்பிள்ளை ஒரு கையில் இரண்டு நாற்காலிகளோடு பின்னால் போனான்.

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜெயசீலி அம்மாள்தான் முதலில் எழுந்தார். "என்ன பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? ஆளுக்கொரு சேரைத் தூக்குங்க!" முப்பது வருடம் வகுப்பை மேய்த்த குரல். ஹால் காலியாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அண்டாக்களே போய்விட்டன.

புல்வெளியில்

நான் ஹால் வாசல்படியில் நின்றேன். கிரேஸ் என்னைக் கடந்து போகும்போது, "வர்றீங்களா, இல்ல இங்கயே மழைக்குக் காவல் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள்.

போனேன். ஈரப் புல்லில் ஷூ அழுந்தியது. ஷரோன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் புல்லில் பதித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. பக்கத்து நாற்காலியில் பூங்கொத்து. அந்தப் பக்கம் ஜெயசீலி அம்மாள்.

"வாங்க சம்பந்தி" என்றார் அவர். "அந்த ஒரு நாள் கணக்கு எண்ணிட்டீங்களா?"

எண்ணவில்லை என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்.

"அன்னிக்கே எண்ணியிருந்தேன்" என்றேன். "மூணுல ஒண்ணுக்கும் கம்மி."

ஜெயசீலி அம்மாள் சிரிக்கவில்லை. ஷரோனைப் பார்த்தார். ஷரோன் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்ப ஏன் டாடி வரும்னு சொன்னீங்க?"

"எரிச்சல்ல."

"யார் மேல?"

என் கண் ஜெயசீலி அம்மாள் பக்கம் போயிற்று. அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஜனவரியில் அவளும் அந்த அறையில்தான் இருந்தாள்.

"இவங்க மேல இருந்த எரிச்சலுக்கு என்னை ஹால்ல உக்கார வச்சீங்களா?"

அண்ணாந்து பார்த்தேன். தெற்கே ஒரு மேகம் தலைதூக்கியிருந்தது. கலையலாம், வளரலாம். ஷரோனும் அதே பக்கம் பார்த்தாள்.

"சரி, இப்ப சொல்லுங்க. அது இங்க வருமா?"

"தெரியலைம்மா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த பூங்கொத்தை எடுத்துப் புல்லில் வைத்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் டாடி" என்றாள்.

உட்கார்ந்தேன்.